வாசலில் நின்ற இருவர்

நட்பரசனுடைய நாட்டிலும் ஒற்றரை நிறுத்துக என்று விதித்தவர் சாணக்கியர். பகைவன், நண்பன், இடைநிற்போன், ஒதுங்கி நிற்போன் என்னும் நால்வகை மன்னரிடத்தும் வேவுகாரரை வைக்க வேண்டும் என்பது அர்த்தசாஸ்திரத்தின் கட்டளை. வள்ளுவரும் 'ஒற்றாடல்' என ஓரதிகாரமே வகுத்து, தன்னிடம் தொழில் செய்வார், தன் சுற்றத்தார், தன்னை வேண்டாதார் ஆகிய எல்லோரையும் அரசன் ஒரே பார்வையில் ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்று கூறிச் சென்றார். ஆகவே நண்பனை வேவு பார்ப்பது நம் காலத்துக் கயமை என்று எவரும் சொல்வதற்கில்லை. ஆயின், அந்நூல்கள் முடியாட்சிக்கு எழுந்தவை. ஒற்றன் கேட்டான், அரசனிடம் சொன்னான், அரசனை ஏனென்று கேட்பார் ஒருவருமிலர். குடிகள் வாக்களித்து ஆள்வோரை அமர்த்தும் இக்காலத்திலோ, அந்த ஒற்றனை ஏவியவர் யார், அதற்கு எந்தச் சபையிலே பதில் சொல்லப் போகிறார் என்ற வினா கூடவே பிறந்துவிடுகிறது. வள்ளுவருக்கு அது தோன்ற நியாயமில்லை. நமக்குத் தோன்றாமலிருக்க நியாயமில்லை.

2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஜேர்மனியின் அரசாங்கத் தலைவியாகிய அங்கேலா மேர்க்கல் அம்மையாரின் கைத்தொலைபேசியை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் ஒட்டுக் கேட்டதென்ற செய்தி வெளிவந்து உலகமே பேசிற்று. நண்பர்களுக்குள்ளே வேவு பார்ப்பது ஒரு நாளும் ஆகாது என்று அம்மையார் பிரசெல்ஸ் நகரில் நின்று சொன்னார். இரண்டு ஆண்டு கழியுமுன், ஜேர்மனியின் சொந்த உளவுத்துறையே ஐரோப்பிய நண்பர்களின் செய்திகளைத் திரட்டி வந்தது அம்பலமாயிற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் நம் ஊர்ப் பழமொழி பேர்லினுக்கும் பொருந்துவதே. தொலைபேசி விவகாரத்தில் வழக்குத்தொடுநர் தொடங்கிய விசாரணை, சான்று போதாதென்று 2015 ஜூனில் மூடப்பட்டது. எனினும் ஒன்று நடந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2014இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2017 பெப்ரவரியில் அம்மையாரே அக்குழுவின் முன் சாட்சி சொல்ல உட்கார்ந்தார். ஆட்சியிலிருக்கும் ஒருவர் தம் உளவுத்துறையைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டுப் பதில் சொன்ன காட்சி நம் பக்கத்து நாடுகளிலே காணக் கிடைப்பது அரிது.

நிற்க. எங்கள் குடாநாட்டின் தலைவிதியோடு பின்னிய ஒரு வேவுக் கதை உண்டு. அது நடந்த இடம் யாழ்ப்பாணமன்று. புதுடில்லியில் ஜன்பத் வீதி, 10ஆம் இலக்க வீட்டு வாசல். நடந்த நாள் 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி.

அந்த வீட்டில் அப்போது குடியிருந்தவர் ராஜீவ் காந்தி. 1989 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 197 ஆசனங்களே கிடைத்தன. பிரதமர் பதவி வி. பி. சிங்கிடம் சென்றது. அந்த அரசு 1990 நவம்பரில் கவிழ்ந்ததும், கட்சியைப் பிளந்துகொண்டு வந்த சந்திரசேகர், ராஜீவின் கட்சி வெளியிலிருந்து தந்த ஆதரவோடு பிரதமரானார். சந்திரசேகரிடம் அறுபது பேரளவினர். தாங்கி நின்ற காங்கிரசிடம் அதைப்போல் மூன்று மடங்கு. இப்படி ஒருவர் தோளில் ஏறி நின்று மற்றொருவர் அரசு புரிந்த வேளையில், தாங்கி நின்றவருடைய வீட்டு வாசலில் ஹரியானா மாநிலப் பொலிசின் இரகசியப் பிரிவைச் சேர்ந்த இரு கான்ஸ்டபிள்கள் பிடிபட்டார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க வந்தவர்கள் என்பது குற்றச்சாட்டு. ஹரியானாவோ உதவிப் பிரதமர் தேவிலாலின் செல்வாக்கில் இருந்த மாநிலம். காங்கிரஸ் உறுப்பினர் சபையைப் பகிஷ்கரித்தனர். 6ஆந் திகதி சந்திரசேகர் பதவி துறந்தார். 13ஆந் திகதி லோக்சபை கலைக்கப்பட்டது.

இந்தச் செய்தி எங்களுக்கு எட்டிய விதம் தனிக் கதை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதிலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்த சிக்கன விளக்கு வீட்டுக்கு ஒன்று. வானொலிக்கு 'பற்றறி' கொண்டுவரத் தடை. ஆகவே சைக்கிளை 'ஸ்டாண்டி'லே நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியோடு பொருத்தி, ஒரு பையனை மிதிக்க விட்டு, நாங்கள் சுற்றியிருந்து லண்டன் தமிழோசையைக் கேட்போம். மிதிப்பவன் களைத்தால் லண்டனும் களைத்துவிடும். டில்லியில் இரு பொலிசார் காரணமாக அரசாங்கம் விழுந்தது என்ற செய்தியை இவ்வாறு விட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

அயல்வீட்டிலே ஒரு பெரியவர். தபாற் கந்தோரிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். செய்தி முடிந்ததும், "இரண்டு பொலிசுக்காரனுக்காக ஒரு அரசாங்கம் விழுமோ, தம்பி? உள்ளுக்கை வேறை ஏதோ கிடக்கு" என்றார். பிறகு தம் பழைய நாட்களை நினைத்துக்கொண்டார். தானியங்கித் தொலைபேசி வருமுன், ஊர்விட்டு ஊர் பேசுவதென்றால் கந்தோரிலுள்ளவரே இணைப்புக் கொடுக்க வேண்டும். கொடுப்பவரின் காதிலே இரண்டொரு வார்த்தை விழாமலிராது. "நாங்கள் கேளாததோ? கலியாணப் பேச்சு, காணி வழக்கு எல்லாம் காதிலை விழும். ஆனால், கேட்டதை வெளியிலை சொன்னால் உத்தியோகம் போகும். அது எங்களுக்குத் தெரியும்" என்றார். சிறு உத்தியோகத்தருக்கு விதிக்கப்பட்டிருந்த அந்தப் பயத்தைப் பற்றி நான் பின்னர் பலமுறை நினைத்திருக்கிறேன்.

பெரியவர் ஐயுற்றது தவறன்று. காங்கிரசுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அது வாசலிலே வந்து நின்றது. அந்த உறவு முன்னரே கசந்துபோயிருந்தது என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால், சாட்டுக்குள்ளேயும் உண்மையான ஒரு கேள்வி இருந்ததே! அவ்விருவரையும் அனுப்பியவர் யார்? யாருடைய கட்டளை? எதை அறிய? இவற்றுக்குப் பிரதமர் நின்று பதில் சொல்ல வேண்டிய சபை இரண்டு வாரத்துள் கலைந்துபோயிற்று. கேட்டவர்களும் தேர்தலுக்குப் போனார்கள். கேட்கப்பட்டவர்களும் தேர்தலுக்குப் போனார்கள். கேள்வி மாத்திரம் வாசலிலே நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு செய்தி. கான்ஸ்டபிள்கள் பிடிபட்டு மூன்று நாட் சென்றபின், மார்ச் 5ஆந் திகதி, விடுதலைப் புலிகளின் சார்பிலே மட்டக்களப்புக் கவிஞர் காசி ஆனந்தன் ராஜீவ் காந்தியைச் சந்தித்தார். பின்னர் ஜெயின் கமிஷன் முன்னிலையில் இச்சந்திப்பு விரிவாகப் பேசப்பட்டது. அன்று ராஜீவின் வாசலைக் கடந்து சென்றவர்களில் எங்கள் விதியைத் தாங்கியவரும் ஒருவர் இருந்தார். சங்ககாலத்திலே நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை நெடுங்கிள்ளி ஒற்றனென்று ஐயுற்றுக் கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடி மீட்டார் என்பது புறநானூற்றால் அறியும் செய்தி. புலவருக்கும் ஒற்றருக்கும் அரச வாசலில் வேற்றுமை காண்பது அன்றும் எளிதாயிருக்கவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, 1991 ஜனவரி 30ஆந் திகதி, தமிழ்நாட்டில் கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டிருந்தது. இரகசியச் செய்திகள் புலிகளுக்குக் கசிகின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆதாரம், உளவுத்துறை தந்த தகவல். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கப் பரிந்துரைத்து அறிக்கை தர மறுத்தார். அரசியலமைப்பில் 'வேறு வகையாலும்' என்றொரு சொல் இருந்தது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு, ஆளுநர் கையொப்பமின்றியே கலைத்தார்கள். மக்கள் தெரிந்தெடுத்த ஓர் அரசை வீழ்த்திய தகவலை அந்த மக்கள் வாசித்துப் பார்க்க வழியிருக்கவில்லை. தகவல் மெய்யோ பொய்யோ என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மெய்யாயினும், காட்டாத சான்றைக் கொண்டு தீர்ப்பளிக்கும் நீதிபதியை எந்த அப்புக்காத்து பொறுப்பார்?

இனி, என் மனத்தை மிகவும் உறுத்துவது. பிரதமர் பதவியிலிருந்து இறங்கிய ராஜீவுக்குச் சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் காவல் நீக்கப்பட்டிருந்தது. 1988இல் இயற்றிய சட்டம் பிரதமராயிருப்பவருக்கே அக்காவலை உரித்தாக்கிற்று. அதற்கு ஈடாக வேறு தக்க காவல் அமைக்கப்படவில்லை என்பது, பின்னர் இதை ஆராய்ந்த நீதிபதி வர்மா கமிஷன் கண்ட குறை. ஆக, அவர் வீட்டுக்கு யார் வருகிறார் என்று பார்க்க அரசாங்க ஊழியர் இருவர் கிடைத்தனர். கூட்டத்திலே அவரருகில் யார் வருகிறார் என்று பார்க்கத் தக்கவர் கிடைக்கவில்லை. மே 21ஆந் திகதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகறிந்தது. கொன்றவர் குற்றம் கொன்றவருடையதே. இந்திய உயர்நீதிமன்றம் 1999 மே மாதத்தில் அதனைத் தீர்த்துக் கூறியது. மார்ச் மாதத்து வேவு மே மாதத்துக் கொலையை விளைத்தது என்று முடிச்சுப் போடுவதும் என் நோக்கமன்று. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, முன்னாட் பிரதமர்களுக்கும் அக்காவல் உரித்தாயிற்று. ஆள் போன பின் வந்த திருத்தம் அது.

அந்த இரவின் விளைவைச் சுமந்தவர்களில் நாங்களும் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்த எம்மவரைத் திருப்பியனுப்பும் வேலை 1992 ஜனவரியில் தொடங்கிற்று. மே மாதத்தில் புலிகள் இயக்கத்துக்கு இந்தியாவில் தடை வந்தது. அதுவரை இடரென்றால் படகேறி அக்கரை சேரலாம் என்ற ஓர் எண்ணம் வல்வெட்டித்துறை முதல் மன்னார்வரை குடும்பந்தோறும் இருந்தது. அந்த எண்ணத்திலே மண் விழுந்தது. கொலையில் கையிருந்தவர்களையும், அதை வெறுத்தவர்களையும், அதுபற்றி ஏதுமறியாக் குழந்தைகளையும் ஒரே பட்டியலில் எழுதினார்கள்.

வேவைக் குறித்து நாங்கள் அறியாதவர்களல்லேம். 1983இன் பின் எங்கள் இளைஞருக்கு இந்திய மண்ணிலே பயிற்சியளித்தது 'றோ' என்னும் வெளியுளவுத்துறை. அந்நாட்டுப் பாராளுமன்றம் அதை ஒரு நாளாவது விவாதித்து ஒப்புதல் அளித்ததில்லை. அரசாங்கம் அப்படியொன்றே இல்லையென்றது. பயிற்சியளித்த நண்பனும் பெற்ற நண்பனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டேயிருந்தனர். 1986 நவம்பரில் சென்னையிலே பொலிசார் புலிகளின் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பறித்தபோது, அவற்றைத் திருப்பித் தரும்படி பிரபாகரன் உண்ணாவிரதமிருந்தார், கருவிகள் திரும்பின. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தருகே ஹெலிகொப்டர்களில் இந்தியப் படையினர் இறங்கினர். வானலையில் அவர்கள் பேசியதைப் புலிகள் முன்கூட்டியே கேட்டறிந்திருந்தனர். இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் முப்பதின்மரில் உயிர் தப்பியவர் ஒருவரே. மூன்று மாதம் முன்புவரை நண்பர்!

மூன்றாமவர் காதும் அங்கே இருந்தது. 'றோ'வின் சென்னைக் கந்தோரிலிருந்து ஈழத்து இயக்கங்களின் விவகாரத்தைக் கவனித்த உன்னிகிருஷ்ணன் என்னும் அதிகாரி, அமெரிக்க உளவுத்துறைக்குச் செய்தி கொடுத்தார் என்ற குற்றச்சாட்டிலே 1987இல் பிடிக்கப்பட்டார். விசாரணையின்றி ஓராண்டளவு சிறையிலே வைத்து, உத்தியோகத்தைப் பறித்து விட்டுவிட்டார்கள். வழக்கு வைத்தால் நீதிமன்றிலே பலவும் பேச நேருமே! குற்றவாளியாயின் தண்டனையும் நிரபராதியாயின் விடுதலையும் பெற அவருக்கும் உரிமை இருந்தது. எங்களைப் பற்றி எது எங்கே போயிற்று என்று அறிய எங்களுக்கும் ஓர் உரிமை இருந்தது. இரண்டும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 29ஆந் திகதி கொழும்பிலே ராஜீவும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை எங்களிற் பலர் மனப்பாடமாய் அறிவர். அதனோடு மாற்றிக்கொண்ட கடிதங்களை வாசித்தவர் குறைவு. இலங்கையிலுள்ள வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களைப் பற்றி விரைவில் உடன்பாடு காண்பதென்றும், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக வேறெவரும் இராணுவத்துக்குப் பயன்படுத்த விடுவதில்லையென்றும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கன்றி உளவுக்குப் பயன்படாதிருக்க உடன்படிக்கைகளை மீளாய்வதென்றும் அவற்றிலே கண்டிருக்கிறது. அமெரிக்கக் குரல் வானொலிக்குச் சிலாபப் பகுதியில் நிலம் கொடுக்கும் பேச்சு நடந்த காலம் அது. எங்கள் உரிமைக்கென்று எழுதிய ஒப்பந்தத்தின் மடியிலே, யார் காது எந்தக் கரையில் இருப்பது என்பதற்கு ஒரு தனிக் கணக்கு இருந்திருக்கிறது. 13ஆம் திருத்தத்தின் நிறைவேற்றத்தைப் பற்றி இத்தனை ஆண்டு வாதாடும் நாம் அந்தக் கடிதங்களையும் எடுத்து வாசித்தல் நன்று.

பதில் சொன்னவர் ஒருவருமில்லையோ என்று வாசகர் கேட்கலாம். உண்டு. கர்நாடக முதலமைச்சர் இராமகிருஷ்ண ஹெக்டே, அரசியல்வாதிகளின் தொலைபேசிகளைத் தம் மாநிலப் பொலிசார் ஒட்டுக் கேட்டது வெளியானதும், 1988 ஓகஸ்டில் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கிலே, 1996 டிசம்பர் 18ஆந் திகதி இந்திய உயர்நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சும் மனிதனின் அந்தரங்க உரிமையுள் அடங்கும் என்று தீர்த்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி இஷ்டம்போற் கேட்கலாகாது. உள்துறைச் செயலாளரே கட்டளையிட வேண்டும். கட்டளைக்கு இரண்டு மாத ஆயுள், நீட்டினாலும் ஆறு மாதத்துக்கு மேற் செல்லாது. மீளாய்வுக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. பெரிய தீர்ப்புத்தான். ஆயின், அனுமதி கொடுப்பவரும் அதிகாரி, மீளாய்வோரும் அதிகாரிகள். மக்களின் பிரதிநிதி ஒருவருக்கும் அந்த அறையிலே நாற்காலி இல்லை. உளவுத்துறைகளைப் பாராளுமன்றத்தின் கண்காணிப்பிலே கொண்டுவர 2011இல் மணிஷ் திவாரி தனியுறுப்பினர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

நம் நாட்டிலே 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று இருநூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆந் திகதியே எச்சரித்திருந்தது. நண்பனின் காது கேட்டதை நம்மவர் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. 2023 ஜனவரி 12ஆந் திகதி கொழும்பு உயர்நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. பொலிஸ் மா அதிபராயிருந்தவருக்கும் அரச உளவுச் சேவையின் தலைவராயிருந்தவருக்கும் தலைக்கு ஏழரைக் கோடி. நாட்டை ஆண்ட ஒருவர் உளவுச் செய்தி சம்பந்தமாகத் தம் பணப்பையைத் திறக்க வேண்டி வந்த அந்தத் தீர்ப்பை நான் இரண்டு முறை வாசித்தேன். கேளாமல் விட்டதற்குக் கிடைத்த தண்டனை அது. கேட்கக் கூடாததைக் கேட்டதற்கு இங்கே எவரும் இப்படி நின்றதாக நான் அறியேன். நினைவுநாட் கூட்டங்களின் ஓரத்திலே நின்று பெயர் குறித்துக்கொள்வோரை வடக்கிலுள்ள எவரும் கண்டிருப்பர். குறித்த பெயர்கள் எங்கே போகின்றன என்று கேட்க ஒரு விலாசம் கூடக் கிடையாது.

அண்மையில் இதையெல்லாம் நண்பரொருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "ஜன்பத் வாசலில் நின்ற இருவரையும் அனுப்பியவர் யாரென்று இப்போதாவது எழுதிக் கேட்கலாமே, இந்தியாவில் 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே" என்றார். சட்டத்தைத் தேடி வாசித்தேன். அதன் 24ஆம் பிரிவு, இரண்டாம் அட்டவணையிலுள்ள நிறுவனங்களுக்கு ஊழலும் மனித உரிமை மீறலும் நீங்கிய மற்றெல்லாவற்றிலும் விலக்களிக்கிறது. அட்டவணையின் முதல் வரியிலே உள்நாட்டு உளவுத்துறை. இரண்டாம் வரியிலே 'றோ'. மாநிலத் துறைகளுக்கும் அவ்வாறு விலக்களிக்க அந்தந்த மாநில அரசுக்கு அதிகாரமுண்டு. அன்றியும், விண்ணப்பிக்கும் உரிமை இந்தியப் பிரஜைகளுக்கே உரியது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் விண்ணப்பம் அந்த வாசற்படியிலேயே திரும்பிவிடும்.